கேமரா கொடுத்த சம்மதம்

அத்தியாயம் 6

“சம்மதிச்சது கேமராதாங்க, நான் இல்ல,” என்றார் டாக்டர் ஹாஸிம்.

அவர் மருந்துக்கடைக்காரர். ஆனால் அலெக்ஸாண்ட்ரியாவில் வெள்ளைக் கோட்டு போட்ட யாரையும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாவிட்டால் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம். பக்கோஸ் டிராம் ஸ்டேஷனுக்குப் பின்னால், மீன்காரர்கள் கூவுகிற தெருவில் கடை. வாசலுக்கு மேலே அந்தக் கேமரா இருந்தது. சுண்டைக்காய் அளவு சமாச்சாரம். அது பார்த்துக்கொண்டிருந்த திசையில் பக்கத்துக் கட்டடத்தின் வாசல் இருந்தது. இப்போது அங்கே ஒரு குழியும், கம்பிகளும், முனிசிபாலிட்டி கட்டிய ஒரு கயிறும்தான் இருக்கின்றன. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆறு மாடியும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டன. உள்ளே இருந்தவர்களில் ஒன்பது பேர் செத்தார்கள்.

“கேமரா எப்படி டாக்டர் சம்மதிக்கும்?” என்றார் தஹானி.

உஸ்தாஸா தஹானி என் முதலாளியம்மா; படித்த பெண்மணிகளை எங்கள் ஊரில் உஸ்தாஸா என்பார்கள். வக்கீல். ஆனால் கோர்ட்டில் வாதாடுவதைவிட, யார் பொய் சொல்கிறார்கள் என்று தெருத்தெருவாகத் தேடிப் போவதில்தான் அவருக்கு ருசி. நான் ஷவ்கி. முன்பு டிராம் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புகிற விதத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்பதற்காக உஸ்தாஸா என்னைச் சேர்த்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் சம்பளம் ஏற்றுவதாகவும் சொன்னார். நான்கு வருடமாக அதே சம்பளம்தான் வாங்குகிறேன்.

ஹாஸிம் பெருமூச்சு விட்டார். “கெய்மான்னு ஒரு கம்பெனி. கேமரா பிடிக்கிறதெல்லாம் அவன் கிளவுட்ல போய்ச் சேரும். ஒரு வருஷம் பத்திரமா வெச்சிருப்போம்னு சொல்லித்தான் என்னைச் சேத்தான். ஆகஸ்ட் கடைசில கண்டிஷனை மாத்திட்டான். இனிமே முப்பது நாள்தானாம். அதுக்கு முந்தினதெல்லாம் அழிச்சிடுவானாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? மெயில் அனுப்பினானாம். தொடர்ந்து பயன்படுத்தினா சம்மதிச்சதா எடுத்துக்குவோம்னு அதுல இருந்துச்சாம். கேமரா பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. அது ஓடினதே என் சம்மதமாம்!”

“மெயிலை நீங்க பாக்கலையா?”

“யாரு உஸ்தாஸா அதையெல்லாம் பாக்கறா? குப்பைல போய் விழுந்திருக்கும். போலீஸ் வந்து ஜூலை மாசத்து வீடியோ குடுன்னு கேட்டப்பத்தான் எனக்கே தெரியும். போனைத் திறக்கிறேன், ஜூலைன்னு ஒரு மாசமே இல்ல. மாரடைப்பு வராத குறை.”

“எங்க வீட்டுக்காரன்கூட அந்தக் கம்பெனிலதான் படிச்சிருப்பான் போல,” என்றேன் நான். “வாடகை ஏறிடுச்சு, வீட்டுக்குள்ள மூச்சு விட்டா சம்மதம்னு கதவுல ஒட்டிட்டுப் போயிட்டான்.”

ஹாஸிம் சிரித்தார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. என் நகைச்சுவைக்குச் சிரிக்கிறவர்கள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எங்களோடு வந்திருந்த பெண் சிரிக்கவில்லை. கறுப்பு முக்காட்டை முகத்தோடு இறுக்கிப் பிடித்தபடி, பற்பசை அடுக்கியிருந்த ரேக்கின் பக்கத்தில் நின்றிருந்தாள். உம் தஸ்னீம். தஸ்னீமின் அம்மா என்று அர்த்தம். விழுந்த கட்டடத்தின் வாட்ச்மேன் அப்துல் ஷாஃபியின் மனைவி. அவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். படிக்கட்டுக்கு அடியில் இருந்த தன் ஒற்றை அறையைப் பெரிதாக்க ஆசைப்பட்டு, பூட்டிக் கிடந்த தரைத்தள ஃபிளாட்டின் தூணை உடைத்துவிட்டான் என்பது அரசு வக்கீலின் கதை. கான்கிரீட் உடைக்கிற மெஷின் இடிபாட்டில் அவன் அறைப் பக்கமாகத்தான் கிடைத்தது. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊரெல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கீழே பெரிய சத்தம் கேட்டதாக உயிர் பிழைத்த ஒரு கிழவர் சொல்லியிருந்தார். அந்த மெஷினை யார் உள்ளே கொண்டு போனது என்பதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே கண் இந்தக் கேமராதான்.

அப்துல் ஷாஃபி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. உஸ்தாஸா ஜெயிலுக்கு எத்தனையோ தடவை போய் வந்துவிட்டார். நீயா உடைச்சே என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். வேறு யார் உடைத்தது என்று கேட்டாலும் அதே குனிதல்தான். நாளை மறுநாள் விசாரணை. இப்படியே நின்றானானால் பத்து வருடம் நிச்சயம் என்று உஸ்தாஸா என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

நாங்கள் கிளம்பும்போது ஹாஸிம் கல்லாவைச் சுற்றி வெளியே வந்தார். “பொண்ணு எப்படிம்மா இருக்கா?”

“அல்ஹம்துலில்லாஹ், டாக்டர். நல்லா இருக்கா.”

“எது வேணும்னாலும் கூச்சப்படாம வந்து வாங்கிக்கோ. அவன் வர்ற வரைக்கும் நான் இருக்கேன்.”

உம் தஸ்னீம் அவருக்காக நீளமாக ஒரு துஆ செய்தாள். கடைக்கும், கைக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து.

வெளியே மழை ஆரம்பித்துவிட்டது. நவம்பரில் வருகிற இந்தப் புயலுக்கு எங்கள் ஊரில் துடைப்பம் என்று பெயர். அது வந்தால் தெருவில் குப்பையும் இருக்காது, மனிதர்களும் இருக்க மாட்டார்கள், டாக்ஸியும் கிடைக்காது. டிராம் பிடித்து, அதிலிருந்து இறங்கி, நனைந்து, ஸமூஹாவில் கெய்மா கம்பெனி இருந்த கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதன் வாட்ச்மேனுக்கு யூனிபார்ம், தொப்பி, நாற்காலி எல்லாம் இருந்தன. உம் தஸ்னீம் அவனை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

“அழிஞ்ச வீடியோவுக்கு இங்க என்ன உஸ்தாஸா இருக்கு?” என்று லிஃப்டில் கேட்டேன்.

“ஒரு கம்பெனி ஒரு மாசத்துல தன் வாக்கை மாத்திக்குது. அடுத்த மாசமே ஒரு கட்டடம் விழுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு தெரியணும். இல்லேன்னா நிம்மதியா திரும்பிப் போகலாம்.”

“நனைஞ்சுகிட்டே நிம்மதியா.”

“ஷவ்கி.”

“வாயை மூடிட்டேன்.”

சட்டப் பிரிவில் எங்களைப் பார்த்தவள் ரீஹாம் என்ற இளம்பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. புகார் சொல்ல வருகிறவர்களை எல்லாம் இவள் தலையில்தான் கட்டுகிறார்கள் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. உட்காரச் சொல்லி, மூன்று பேருக்கும் சோம்புத் தண்ணீர் வரவழைத்தாள். உம் தஸ்னீம் அதைத் தொடவில்லை.

“இந்த ஷரத்துகளை நான் எழுதலைங்க,” என்று அவளே ஆரம்பித்தாள். “வந்து திட்டறவங்களுக்குப் படிச்சுக் காட்டறதுதான் என் வேலை.”

“நாங்க திட்ட வரல. படிச்சுக் காட்டுங்க,” என்றார் உஸ்தாஸா.

ரீஹாம் திரையைப் பார்த்து, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “பதிவுகள் இனி முப்பது நாள் மட்டும் வைக்கப்படும். கம்பெனி இந்த ஷரத்துகளைத் தானாகவே எப்போது வேண்டுமானாலும் மாத்தலாம். அறிவிப்பு வந்த ஒரு மாசத்துக்குள்ள வாடிக்கையாளர் எதுவும் சொல்லலேன்னா சம்மதம்னு அர்த்தம். அந்த மாசம் முடிஞ்சதும் புது ஷரத்து நடைமுறைக்கு வரும்.”

“சம்மதம் இல்லேன்னு சொன்னா?” என்றேன்.

“கணக்கை மூடிட்டுப் போகலாம்.”

“மூடினா பழைய வீடியோ?”

“அழிஞ்சிடும்.”

“சம்மதிச்சா?”

“அதுவும்… அழிஞ்சிடும்.”

“பாத்தீங்களா உஸ்தாஸா, வலது பக்கம் போனாலும் கடல், இடது பக்கம் போனாலும் கடல். வாடிக்கையாளருக்கு நீச்சலடிக்கிற உரிமையை மட்டும் விட்டுவெச்சிருக்காங்க.” எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு வாய் நீளும். “நிக்காஹ்ல கன்னிப்பொண்ணுகிட்ட ஷேக் கேக்கற மாதிரில்ல இருக்கு! பொண்ணு வாயைத் திறக்கலையா, முடிஞ்சுது, சம்மதம். எத்தனை பேருங்க உங்க வாடிக்கையாளருங்க?”

“நாலாயிரத்துச் சொச்சம்.”

“நாலாயிரம் கன்னிப்பொண்ணுங்க! மீசை வெச்சவன், பேரன் எடுத்தவன் எல்லாரும் முக்காடு போட்டுட்டு உக்காந்திருக்கான்.”

ரீஹாம் களுக்கென்று சிரித்துவிட்டு, கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். உஸ்தாஸா சிரிக்கவில்லை. கையிலிருந்த சோம்புத் தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் ஆனவளா இருந்தா, ஷவ்கி?”

“அவ சும்மா உக்காந்தா செல்லாது உஸ்தாஸா. வாயால சொல்லணும். என் சித்தி மூணாவது நிக்காஹ்ல, ஷேக் கேள்வியை முடிக்கறதுக்குள்ளயே சம்மதம்னு கத்தினாங்க. அவ்வளவு அவசரம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அன்னிக்கே சந்தேகப்பட்டிருக்கணும்.”

உஸ்தாஸா கண்ணாடி டம்ளரை மேஜை மேல் வைத்தார்.

“ரீஹாம், வாயால சொன்னவங்க யாராவது உண்டா?”

“புரியல.”

“சும்மா இருந்தாலே சம்மதம்ங்கறப்போ, மெனக்கெட்டு சம்மதம்னு சொன்ன ஆள்.”

“அதுக்கு மெயிலோட அடியில ஒரு பட்டன் வெச்சிருக்கோம். அமுக்கினா ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே புது ஷரத்து வந்துடும். ஆனா அதை யாரும்மா அமுக்குவாங்க? எதுக்கு அமுக்கணும்?” பேசிக்கொண்டே ஏதோ தட்டினாள். தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒருத்தர் அமுக்கியிருக்காரு.”

“யாரு?” என்று நான் எழுந்தேவிட்டேன்.

“பேரைச் சொல்லக் கூடாதுங்க.”

“பேர் வேண்டாம்,” என்றார் உஸ்தாஸா. “என்னிக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“செப்டம்பர்ல… ஒரு திங்கட்கிழமை. மத்தியானம்.” தேதியையும் சொன்னாள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. கடையில் துஆ செய்ததற்குப் பிறகு முதல் முறையாக உம் தஸ்னீம் பேசினாள்.

“அன்னிக்குக் காலைலதாம்மா பில்டிங் விழுந்துச்சு.”

ரீஹாம் அவளைப் பார்த்தாள். இவள் யார் என்று அவளுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கறுப்பு முக்காட்டையும், வெடித்த விரல்களையும், தொடாமல் ஆறிப்போயிருந்த டம்ளரையும் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பத்திரிகையில் எல்லாம் வந்த விஷயம்தானே. சட்டம் தெரிந்த பெண், வேலை போய்விடும் என்பதும் தெரிந்த பெண், திரையை மெல்ல எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலில் மழையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹாஸிம் மருந்துக்கடை, பக்கோஸ்.

“மெயிலையே பாக்கலேன்னாரே!” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “குப்பைல போயிடுச்சுன்னாரே! ஒன்பது பேரை இன்னும் வெளியே எடுக்கல, புழுதி அடங்கல, அந்த நேரத்துல இவரு உக்காந்து பட்டனைத் தேடியிருக்காரு!”

“அவருக்கு அவசரம்,” என்றார் உஸ்தாஸா. “சும்மா இருந்திருந்தா செப்டம்பர் கடைசி வரைக்கும் பழைய கணக்குதான். ஜூலை மாசம் பத்திரமா இருந்திருக்கும். போலீஸ் மறுநாள் வருவாங்கன்னு அவருக்குத் தெரியும். அவங்க வர்றதுக்கு முன்னாடி ஜூலை காணாமப் போகணும். தன் கையால அழிச்சா அழிச்சது தெரிஞ்சிடும். கம்பெனி அழிச்சா யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் கம்பெனியைத்தான் திட்டுவாங்க. அவரும் சேந்து திட்டலாம்.”

“அந்தப் பூட்டின ஃபிளாட்டு…”

“அவர் கடையோட பின்சுவரை ஒட்டி இருந்தது. கோடவுனுக்கு நல்ல இடம். நடுவுல ஒரு தூண்தான் இடைஞ்சல்.”

“இருக்காதும்மா,” என்றாள் உம் தஸ்னீம். “டாக்டர் நல்லவரு. அவரா இருக்காது.”

எனக்கு அவள் மேல் எரிச்சலாகக்கூட வந்தது. புருஷன் ஜெயிலில் இருக்கிறான், இவள் அடுத்தவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறாளே என்று.

“ஆனா ஒரு பட்டனை அமுக்கினது குத்தம் இல்லியே,” என்றாள் ரீஹாம் தயக்கத்தோடு. “நாளைக்கே கோர்ட்ல, எனக்கு அந்த ஷரத்து பிடிச்சிருந்துச்சு, சம்மதிச்சேன்னு சொல்லிடலாம். வீடியோ போனது போனதுதான். எங்ககிட்ட இல்ல.”

அவ்வளவுதான் என்று நினைத்தேன். வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். உஸ்தாஸா எழுந்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் துடைத்தால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

“ரீஹாம், அந்த ஒரு பட்டன் எத்தனை ஷரத்துக்குச் சேத்து?”

“எல்லாத்துக்கும்தான். மொத்தமா ஒரே பட்டன்.”

“அதுல, மௌனமா இருந்தா செல்லாது, வாயைத் திறந்து சொன்னாத்தான் செல்லும்னு ஏதாவது ஒண்ணு இருக்கா? சில விஷயத்துல மௌனத்தைச் சம்மதமா எடுக்கச் சட்டம் விடாதே.”

ரீஹாம் திரையில் கீழே கீழே போனாள். போகப் போக அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“பதினாலாவது ஷரத்து,” என்றாள். “சேவையை மேம்படுத்தறதுக்காக, வாடிக்கையாளரோட பதிவுகளை அழிக்கறதுக்கு முன்னாடி கம்பெனி ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலாம். எங்க மெஷினுக்கு மனுஷன் எது, பூனை எது, கார் எதுன்னு சொல்லித் தர்றதுக்கு வீடியோ வேணும். ஆனா தெருவுல போறவங்க முகம் எல்லாம் அதுல இருக்கு. அதனால வெளிப்படையா சம்மதிச்சவங்களோடதை மட்டும்தான் எடுக்கலாம்னு எங்க வக்கீலுங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க. அது யாரோடதுன்னு இதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல. டெக்னிக்கல் பசங்க ரெண்டு மாசமா புலம்பிட்டுத் திரியறாங்க. ஒரே ஒரு தெரு வீடியோதான் கிடைச்சிருக்கு, அதைப் பாத்துப் பாத்து உலகத்துல எல்லா மனுஷனும் மருந்து வாங்கத்தான் நடக்கறான்னு மெஷின் நம்பிட்டு இருக்குன்னு.”

உஸ்தாஸா கண்ணாடியைத் திரும்ப மூக்கில் மாட்டிக்கொண்டார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஹாஸிமின் ஜூலை, மற்ற நாலாயிரம் பேரின் ஜூலையோடு சேர்ந்து செப்டம்பர் கடைசியில் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். சம்மதம் என்று முந்திக்கொண்டு சொன்னதால், அவர் கண்ணிலிருந்துதான் அழிந்தது. படிக்காமல் அமுக்கிய அதே பட்டன் அதைப் பத்திரமாக வேறொரு பெட்டியில் தூக்கி வைத்துவிட்டது.

“நான் இதை எடுத்துக் குடுக்க முடியாது,” என்றாள் ரீஹாம். “கோர்ட் கேட்டா குடுத்தே ஆகணும். நீங்க பாக்கறதுக்கு மட்டும் போடறேன். கதவைச் சாத்துங்க.”

நான் கதவைச் சாத்தினேன்.

ஜூலையின் வெள்ளிக்கிழமைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். முதல் வெள்ளியில் ஒரு பூனை. இரண்டாவதில் காலியான தெரு, ஒரு மூடிய மீன்கடை. மூன்றாவதில் வெயில் நெருப்பாக அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பள்ளிவாசலில் இருக்கிற நேரம். ஒரு சின்ன லாரி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். சாக்குப் போட்டு மூடிய மெஷினை இறக்கினார்கள். ஒருவன் சாக்கைச் சரியாகக்கூட மூடவில்லை.

“அப்துல் ஷாஃபி!” என்றாள் உம் தஸ்னீம். ஜெயிலில் இருக்கிறவன் எதிரில் வந்து நின்றதுபோல் கூப்பிட்டாள்.

கட்டடத்து வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். நீல நிற கலாபியா அங்கி. இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டிருந்தான். அந்த ஆட்கள் தள்ளப் பார்த்தார்கள். அவன் நகரவில்லை. தெற்கே ஸயீதிலிருந்து வந்தவன், மலை மாதிரி நின்றான். மருந்துக்கடையிலிருந்து வெள்ளைக் கோட்டு வெளியே வந்தது. ஹாஸிம் அவன் தோளில் கை போட்டுப் பேசினார். அவன் தலையை ஆட்டி மறுத்தான். ஹாஸிம் மேலே மாடிகளைக் காட்டி ஏதோ சொன்னார், ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருப்பார். அவன் மறுபடி மறுத்தான்.

“பாத்தீங்களா!” என்று நான் மேஜையைத் தட்டினேன். “பாத்தீங்களா உஸ்தாஸா! நிக்கிறான் பாருங்க, சிங்கக்குட்டி! இதுக்கு மேல என்ன வேணும்?”

உஸ்தாஸா கையை உயர்த்தி என்னை அடக்கினார். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஹாஸிம் கடைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைப் பை இருந்தது. பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். கொடுக்கவில்லை. காட்டினார், அவ்வளவுதான். பிறகு பையைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்துல் ஷாஃபி அந்தக் கையையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு தடவை தெருமுனை வரைக்கும் பார்வையை ஓட்டினான், யாராவது வருவார்களா என்று தேடுகிறவனைப்போல. யாரும் வரவில்லை. விரித்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலை விட்டு ஒதுங்கி நின்றான். மெஷின் உள்ளே போனது.

ரீஹாம் வீடியோவை நிறுத்தினாள்.

“என்னம்மா அது?” என்றார் உஸ்தாஸா மெதுவாக. “அந்த டப்பா?”

உம் தஸ்னீம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்சுலின். ஜூலைல எங்கயும் கிடைக்கல. மன்ஷியா வரைக்கும் நடந்து கேட்டோம், எவன்கிட்டயும் இல்ல. தஸ்னீமுக்கு ரெண்டு நாளா ஊசி போடல. அன்னிக்குக் காலைல அவ என்னைப் பாத்து, நீ யாருன்னு கேட்டா. எங்கக்கா வீட்டுல அவளைப் படுக்க வெச்சிருந்தேன், மத்தியானம் இவரு பையோட அங்க வந்தாரு. டாக்டர் சும்மா குடுத்தாரு, இனிமே மாசாமாசம் குடுப்பாருன்னு சொன்னாரு. நான் அன்னிலேந்து அஞ்சு வேளைத் தொழுகைலயும் அந்த மனுஷனுக்கு துஆ செய்யறேன்.”

“இப்பவும் குடுக்கிறாரா?”

“போன வாரம்கூடக் குடுத்தாரு.”

அப்துல் ஷாஃபி ஏன் தலையைக் குனிந்துகொண்டே இருக்கிறான் என்று இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெட்கத்தில் பாதி, பேரத்தில் பாதி. அவன் வாயைத் திறக்காத வரைக்கும் அந்தப் பை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். சற்று முன் அந்தப் பெண் மேல் எரிச்சல்பட்டதை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

உஸ்தாஸா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“உம் தஸ்னீம், ஒண்ணும் மறைக்காமச் சொல்றேன், கேளு. இது கோர்ட்டுக்குப் போனா, தூணை உடைச்சவன் உன் புருஷன் இல்லேன்னு ஆயிடும். அந்தப் பத்து வருஷம் போயிடும். ஆனா தெரிஞ்சே வழி விட்டான்கிறதும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதுக்கும் தண்டனை உண்டு. செத்தவங்க வீட்டு ஜனம் அன்னிக்குக் கோர்ட்ல உக்காந்திருப்பாங்க, அவங்க முன்னாடிதான் இதைப் போடுவாங்க. மருந்தும் நின்னு போயிடும்.”

“பத்து வருஷமா?” என்றாள் அவள். அதை இப்போதுதான் கேட்கிறாள்.

“ஆமா. இன்னொண்ணும் இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்னு நீ ஊருக்குப் போக முடியாது. இவங்க எப்ப வேணா ஷரத்தை மாத்தலாம். நாளைக்கு அந்தப் பதினாலாவதைத் தூக்கிட்டாங்கன்னா இந்த நகலும் போயிடும்.”

ரீஹாம் இல்லை என்று சொல்லவில்லை.

“மருந்துக்கு நான் அலையறேன்,” என்றேன் நான். “இந்த ஊர்ல எனக்குத் தெரியாத டிராம் ஸ்டாப்பு இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்துக்கடை இருக்கு. எங்கயாவது கிடைக்கும்.” கிடைக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அது நன்றியா, நம்பாமையா என்று தெரியவில்லை. முக்காட்டு நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு ரீஹாமிடம், “அவரு நிக்கிறாரே, கையை விரிச்சுகிட்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை போடும்மா,” என்றாள்.

ரீஹாம் போட்டாள். அப்துல் ஷாஃபி இரண்டு கைகளையும் விரித்து வாசலில் நின்றான். ஹாஸிம் தோளில் கை போட்டார். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

“போதும்,” என்றாள். வெள்ளைப் பை வருவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

எழுந்து நின்றாள். முழங்கால் வரை நீண்டு கிடந்த அந்தக் கறுப்பு முக்காட்டைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“கோர்ட்டுல கேளுங்க, உஸ்தாஸா. மேல இருந்தவங்க எல்லாம் என் பொண்ணைத் தூக்கி வளத்தவங்க. அவங்க வீட்டு ஆளுங்களுக்குத் தெரியணும்.”

உஸ்தாஸா பையைத் திறந்து பேனாவை எடுத்தார். உம் தஸ்னீம் கதவு வரைக்கும் போனாள். அதைத் திறக்காமல், கைப்பிடியைப் பிடித்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“ஆனா தஸ்னீம் அப்பா பையை வாங்கினதை நான் பாத்தேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க,” என்றாள்.